கெல்வின் பிரபு கணித்த உலக முடிவு

உலகம் என்று தோன்றியது, என்று அழியும் என்னும் வினாக்கள் சமயநூலார்க்கே உரியன என மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அவற்றைக் கணித முறையால் ஆராய்ந்தோருள் தலையாயவர் கிளாஸ்கோ சர்வகலாசாலைப் பேராசிரியர் வில்லியம் தொம்சன் ஆவர். பின்னாளிலே கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர் இவரே.

சுரங்கத்தினுள் இறங்குந்தோறும் வெப்பம் கூடுகின்றது. ஏறத்தாழ 50 அடிக்கு ஒரு பரனைற் பாகை கூடுவதாக அவர் கொண்டார். உருகிய நிலையினின்று பூமி சிறிது சிறிதாக ஆறி வருகின்றதென்றால், ஆறத் தொடங்கிய காலத்தைக் கணக்கிடலாமன்றோ? 1862ஆம் ஆண்டில் அவர் கண்ட விடை 9 கோடியே 80 இலட்சம் ஆண்டு. பிழை நேரக்கூடுமென அஞ்சி, 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையே எல்லையும் வகுத்தார்.

அவ்வாண்டிலேயே சூரியனைப் பற்றியும் எழுதினார். சூரியன் சுருங்குவதனாலேயே வெப்பம் பிறக்கின்றது என்பது அக்காலக் கொள்கை. அவ்வாறாயின் அவ்விளக்கு விரைவில் அணைந்தே தீரும். நாம் இன்னும் அறியாத வெப்பமூலம் ஏதும் இருந்தாலன்றி, பூமியில் வாழ்வோர்க்கு நெடுங்கால வாழ்வில்லை என்றார். இந்த ‘இருந்தாலன்றி’ என்ற சொல்லே இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது.

நாளடைவில் அந்நிபந்தனையை உலகம் மறந்தது. இலக்கத்தை மட்டும் நினைவில் வைத்தது. பாறைப் படைகள் படிவதற்குப் பன்மடங்கு காலம் வேண்டுமெனக் கண்டிருந்த புவிச்சரிதவியலார் பலர் கணிதத்தின் முன் பணிந்தனர். உயிரினக் கூர்ப்புக்கு நீண்ட காலத்தை வேண்டிநின்ற சாள்ஸ் டார்வின் பெரிதும் கலங்கினார். கெல்வினோ எல்லையைத் தளர்த்தாது மேலும் இறுக்கினார். 1897இல் அவர் கூறியது 2 கோடி முதல் 4 கோடி ஆண்டு. அதிலும் 2 கோடியே பொருத்தமாம்!

இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, ஒருகால் அவருடைய உதவியாளராயிருந்த யோன் பெரி என்பவர் மறுப்புரைத்திருந்தார். பூமியின் உள்ளிடம் மேற்பாறையிலும் எளிதாக வெப்பத்தைக் கொண்டுசெல்லுமாயின், வயது பன்மடங்கு பெருகும் என்று அவர் காட்டினார். கணக்கிலே பிழையில்லை; கணக்குத் தொடங்கிய எடுகோளிலேயே பிழை. கேட்டவர் சிலரே.

இரேடியம் இடையறாது வெப்பத்தை உமிழ்வதை 1903இல் பியர் கியூரியும் லபோர்டும் கண்டனர். மறுவருடம் இலண்டன் உரோயல் நிறுவனத்தில் இரதபோர்ட் இதுபற்றிப் பேசியபோது, எண்பதை அண்டிய கெல்வின் சபையில் வீற்றிருந்தார். புதிய மூலம் காணப்படாதவரையில் என்று கெல்வினே வரையறுத்திருக்கின்றார் என இரதபோர்ட் நயமாகச் சொல்ல, முதியவரின் முகம் மலர்ந்ததாம். அன்று முதல் கெல்வினை வீழ்த்தியது கதிர்த்தொழிற்பாடே என நூல்கள் எழுதலாயின. பூமியைப் பொறுத்தவரை, பெரி சுட்டிய பிழையே பெரிதென்பது பின்னர் தெளிவாயிற்று. புகழ் அவருக்குக் கிடைக்கவில்லை.

1956இல் கிளயர் பற்றர்சன் விண்கற்களிலுள்ள ஈயத்தை ஆராய்ந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டு என நிறுவினார். இதனைக் கண்டதும் எம்மவருள் சிலர், பிரமாவின் ஒரு பகலாகிய கற்பம் 432 கோடி ஆண்டு என எடுத்துக்காட்டி, முன்னோர் அன்றே அறிந்தனர் என்று மேடைகளில் முழங்குவர். நாம் இதற்கு உடன்படோம். கற்பக் கணக்கு யுகங்களைப் பெருக்கிப் பெற்றது. கல்லை அளந்து பெற்றதன்று. நாளை விஞ்ஞானம் தன் இலக்கத்தைத் திருத்தினால் புராணத்தையும் திருத்துவோமா?

சூரியனில் ஐதரசன் ஈலியமாக மாறுவதே வெப்பமூலம் என்பதை 1920இல் எடிங்டன் ஊகித்தார். 1939இல் பெதே விளக்கினார். இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுக்கு எரிபொருள் உண்டு. அதற்கு வெகுகாலம் முன்னரே, ஏறத்தாழ 100 கோடி ஆண்டில், மிகுந்துவரும் சூரிய வெப்பத்தாற் கடல்கள் வற்றக்கூடும். முகில்கள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைப் பொறுத்து இவ்விலக்கம் மாறும். முடிவிலே பருத்துச் சிவக்கும் சூரியன் பூமியை விழுங்குமா? விழுங்கும் என்றது 2008இல் வெளிவந்த ஒரு கணக்கு. ஆனால் அக்காலத்திற் சூரியன் தன் திணிவை இழக்க இழக்கப் பூமி விலகிச் செல்லும். எவ்வளவு திணிவை, எவ்வளவு விரைவில் இழக்கும் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை.