மலை ஏறாத இயந்திரம்

பசறைக்கு அப்பால் மடுல்சீமை மலைகளில் 1869ஆம் ஆண்டு கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி படிந்திருந்தது. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் திவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பூஞ்சையியலாளர் பெர்க்லி அந்தப் பூஞ்சைக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பி ஏறக்குறைய அழிந்தது. மலையக வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாக இங்கிருந்து ஒரே தாவலில் தேயிலைக்குப் போய்விடுவார்கள்: கோப்பி செத்தது, தேயிலை வந்தது. ஆனால் கோப்பி ஏன் போனது என்பதற்குத்தான் நோய் விடையாகும். தேயிலை ஏன் வென்றது என்பதற்கு அது விடையல்ல. அன்றைய தேயிலைச் சந்தை சீனாவின் கையில் இருந்தது. தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் செய்த தேயிலை 1873இல் லண்டனுக்குப் போனபோது அதன் எடை வெறும் 23 றாத்தல். 1880இல்கூட இலங்கையின் ஏற்றுமதி நூறு டன்னை எட்டவில்லை. 1890இல் அது இருபதாயிரம் டன்னைத் தாண்டியது. 1888 அளவிலேயே பிரித்தானியச் சந்தையில் இந்தியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் சேர்ந்து சீனத் தேயிலையைப் பின்தள்ளிவிட்டன.

இந்த வேகத்துக்குக் காரணம் ஸ்டோருக்குள், அதாவது தேயிலை ஆலைக்குள், இருந்தது. சீனாவில் குடியானவர் தம் துண்டு நிலத்துக் கொழுந்தைக் கையால் உருட்டி, கரியடுப்பில் காயவைத்து, தரகர் கை மாறி மாறித் துறைமுகத்துக்கு அனுப்பினார். ஒரு பெட்டி போல மறு பெட்டி இருக்காது. அசாமில் வில்லியம் ஜாக்சன் 1870களில் உருட்டும் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். சாமுவேல் டேவிட்சன் பெல்ஃபாஸ்டில் சிரோக்கோ என்ற சூடுகாற்று உலர்த்தியைச் செய்து விற்றார். இலங்கையில் இவற்றைப் பூட்டவும் பழுதுபார்க்கவும் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கோப்பிப் பழத்தின் தோலுரிக்கும் இயந்திரங்களுக்காக 1854இல் கண்டியில் தொடங்கிய வாக்கர் நிறுவனம் அப்படியே தேயிலைக்குத் திரும்பிக்கொண்டது. அந்த ரோலரின் வேலையைக் கிட்டப்போய்ப் பார்த்தால் சீனக் கையின் அசைவுதான் தெரியும்: வாடிய கொழுந்தை ஒரு வளையத்துக்குள் கொட்டி, மேலே மூடி அழுத்த, கீழே பித்தளைக் கட்டைகள் பதித்த மேசைமேல் அது வட்டமாகச் சுழன்று இலையை முறுக்கிச் சாறெடுக்கும். ஒரு றாத்தல் தேயிலை செய்ய 1872இல் 11 பென்ஸ் செலவானது. 1913இல் அது மூன்று பென்சுக்குள் இறங்கியதாகத் தேயிலை வரலாற்றாசிரியர் யூக்கர்ஸ் எழுதுகிறார். பசறையும் மடுல்சீமையும் உள்ள ஊவா இந்த ஓட்டத்தில் கொஞ்சம் பிந்தித்தான் சேர்ந்தது. ரயில் பண்டாரவளைக்கு 1894இலும் பதுளைக்கு 1924இலும்தான் வந்தது. அதுவரை மிச்ச வழிக்கு மாட்டுவண்டிதான்.

இயந்திரம் என்ன இயந்திரம், சீனாவை வீழ்த்தியது புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கமிருந்து வந்தவர்களின் மலிவான உழைப்பல்லவா என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடன் தீர்ந்தால்தான் தொழிலாளியை விடுவிக்கும் துண்டுச் சீட்டு முறையும் கங்காணியின் கடன் கணக்கும் இல்லாமல் இந்த மலைகளில் ஒரு ஏக்கர்கூடத் தேயிலையாகியிராது. ஆனால் சீனக் குடியானவரின் உழைப்பும் மலிவுதான். உள்நாட்டுச் சுங்கம் சீனத் தேயிலையின் விலையை ஏற்றியதும், அது அசுத்தமானது என்று லண்டனில் செய்த விளம்பரமும் உண்மை. அவை சரிவை விரைவுபடுத்தின. என் கணிப்பில், மலிவுழைப்பும் இயந்திரமும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்தன. ஸ்டோருக்குள் கையை நீக்கியதால் மிஞ்சிய பணம், ஸ்டோருக்கு வெளியே இன்னும் ஆயிரம் கைகளை மலைக்கு அனுப்பப் பயன்பட்டது. 1905இல் ஜெங் ஷிஹுவாங் தலைமையில் ஒரு சீனக் குழு இதைக் கற்றுக்கொள்ள இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. ரோலரை அவர்கள் விலைக்கு வாங்கியிருக்கலாம். ஒரே ஸ்டோரைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஏக்கரையும் தொழிலாளர் லயங்களையும் வாங்க முடியாது.

அடுத்த இயந்திரமும் அசாமிலிருந்தே வந்தது. 1930இல் அம்குரி தோட்டத்தில் மெக்கர்ச்சர் அமைத்த சி.டி.சி. முறையில், பல் வைத்த இரண்டு எஃகு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று கொழுந்தை நொடியில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கும். குருணை சீக்கிரம் சாயமிறங்கும். 1953இல் டெட்லி நிறுவனம் பிரித்தானியாவில் தேயிலைப் பையைக் கொண்டுவந்தபோது அந்தப் பைக்கு ஏற்ற சரக்கு ஏற்கெனவே தயாராக இருந்தது. 1965இல் இலங்கை முதன்முறையாக உலகின் முதல் தேயிலை ஏற்றுமதி நாடானது. அதற்கு ஓராண்டு முன்னர்தான் கென்யா தன் தேயிலை அபிவிருத்தி அதிகாரசபையை நிறுவி, சிறு நிலக்காரர்களின் கொழுந்தை ஆலைகளுக்குத் திருப்பத் தொடங்கியிருந்தது; அந்த ஆலைகள் நாளடைவில் சி.டி.சி. முறையில் நிலைத்தன. இன்று கறுப்புத் தேயிலை ஏற்றுமதியில் முதலிடம் கென்யாவுக்கு. உச்சிக்கு வந்த ஆண்டில் கீழிருந்து ஏறுபவனை யார் கவனிப்பார்கள்?

ஊவா சி.டி.சி.க்கு மாறாதது மடமை என்று சொல்ல நான் தயாரில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று வறட்சியாக அடிக்கும்போது நமுனுகுல பக்கத்துக் கொழுந்தில் ஏறும் மணம், பழைய ரோலரில் பக்குவமாக முறுக்கி வாங்கினால்தான் கோப்பைக்கு வரும். பல்லுருளையில் அது போய்விடும். ரஷ்யாவும் ஈராக்கும் ஈரானும் இலைத் தேயிலையையே கேட்டன. கொழும்பு ஏலத்தின் சராசரி விலை பொதுவாகக் கென்யாவின் மொம்பாசா ஏலத்தை விட உயர்ந்தே நிற்கிறது. அறியாமையும் காரணமல்ல, தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 முதல் இருக்கிறது, அதன் ஊவாக் கிளை பசறையிலேயே இருக்கிறது. தோட்டங்களைத் தடுத்தது அவற்றின் பழைய வெற்றி. நாலு மாடி வாட்டுமாடமும் ரோலரும் தரப்பெயர்களும் வாடிக்கையாளரும் ஒரே முறைக்காக அமைந்தவை. ஒன்றை மாற்றினால் மற்றவை நட்டமாகும். கென்யாவுக்குத் தள்ளிவிட வேண்டிய பழைய இரும்பு அதிகம் இருக்கவில்லை. 1880களில் இலங்கை சீனாவின் முன் நின்ற நிலையும் அதுதான்.

ஆனால் ஒரு குற்றச்சாட்டிலிருந்து தோட்ட நிர்வாகங்கள் தப்ப முடியாது. நூற்றைம்பது ஆண்டுகளில் ஸ்டோருக்குள் வாட்டுதல், உருட்டுதல், உலர்த்துதல், சலித்தல் எல்லாம் மாறின. மலையில் பெரும்பாலும் விரல்தான் இன்னும் பறிக்கிறது. உழைப்பு மலிவாகக் கிடைத்தவரை பறிக்கும் முறையைப் பற்றி யோசிக்க யாருக்கும் அவசரமில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுக்குப் பேரம்பேசும் பலமும் இருக்கவில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை 2021இல்தான் வர்த்தமானியில் ஏறியது. அப்போதும் செலவு தாங்காது என்று கம்பெனிகள் நீதிமன்றம் போயின. அந்தச் செலவை இயந்திரம் குறைக்காததற்குச் செங்குத்தான மலையைக் காரணம் காட்டுவார்கள். பாதி உண்மை. வெட்டும் கருவி முற்றின இலையையும் சேர்த்து அள்ளும்; குருணைத் தேயிலை அதைப் பொறுக்கும், ஊவாவின் பருவத் தேயிலை பொறுக்காது. கருவி போன இடத்திலும் கணக்கு எளிதாகவில்லை: 2023இல் கென்யாவின் கெரிச்சோவில் வேலையிழந்தவர்கள் கொழுந்து பறிக்கும் இயந்திரங்களுக்குத் தீவைத்தார்கள். இங்கே சில கம்பெனிகள் வேறு வழி தேடி, மலையைத் துண்டுதுண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் பராமரிப்புக்குக் கொடுத்து, கொழுந்தை எடைக்கு வாங்குகின்றன. கென்யச் சிறு நிலக்காரர் முறையைப் போலத் தோன்றும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே நிலம் பயிரிடுபவரின் பெயரில் இருக்கிறது. இங்கே நிலம் கம்பெனியின் குத்தகையிலேயே தங்கிவிடுகிறது.