எண்ணலும் நிகழ்தகவும்

ஒரு செயல் எத்தனை வகையாக நடக்கலாம் என்பதை, ஒன்றும் விடுபடாமலும் எதுவும் இருமுறை வராமலும் கணக்கிடுவது எண்ணல். அவ்வகைகள் யாவும் நேர்வதற்குச் சம வாய்ப்புள்ளவை என்றால், வேண்டிய வகைகளின் எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுத்துப் பெறுவது நிகழ்தகவு. இலங்கையில் க.பொ.த. சாதாரண தர மாணவர் இதனை நெய்யரி, மரவரிப்படம் ஆகியவற்றால் கற்கின்றனர். வரிசைமாற்றமும் சேர்மானமும் உயர்தர இணைந்த கணிதத்தில் வருகின்றன. சேர்மானத்துக்குரிய பொது விதியை 9ஆம் நூற்றாண்டிலேயே மகாவீரர் தமது கணிதசார சங்கிரகத்தில் தந்துள்ளார்.

பாடநூல்களின் தாயக்கட்டையைவிட நல்ல எடுத்துக்காட்டு வாக்குச்சீட்டு. திருகோணமலைத் தேர்தல் மாவட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் 4 ஆசனங்கள். ஆசனங்களைவிட மூவர் கூடுதலாக, ஒவ்வொரு பட்டியலிலும் 7 வேட்பாளர்கள் நிற்பார்கள். கட்சிக்குப் புள்ளடியிட்டவர் அந்த எழுவரில் மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம்.

மூன்று விருப்பு வாக்கை எத்தனை வகையாக இடலாம்? முதலாமவரை 7, அடுத்தவரை 6, மூன்றாமவரை 5 வகையில் தெரியலாம் என்பதால் 7×6×5 = 210. ஆனால் 2, 5, 6 ஆகிய வேட்பாளர் இலக்கங்களை எந்த ஒழுங்கில் அடையாளமிட்டாலும் சீட்டு ஒன்றே. ஆகவே மூவரை ஒழுங்குபடுத்தும் 6 வகைகளால் வகுக்க 35 சேர்மானங்கள் கிடைக்கும். சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்ப ஒழுங்கு குறிக்கப்படுவதால் அங்கே வகுக்கக் கூடாது. எழுவர் போட்டியிட்டால் விடை 210தான். நாடாளுமன்றச் சீட்டில் இருவரை மட்டும் தெரிவது 21, ஒருவரை மட்டும் 7, எவரையும் தெரியாமல் விடுவது 1. முந்தைய 35உடன் சேர்த்து மொத்தம் 64. பலர் தவறவிடுவது அந்தக் கடைசி 1ஐ.

மூன்று விருப்பு வாக்கும் எழுமாறாக இடப்பட்டால், குறித்த ஒருவருக்கு ஒன்று கிடைக்கும் நிகழ்தகவு 15/35, அதாவது 3/7. குறித்த இருவரில் ஒருவருக்கேனும் கிடைப்பது 6/7 என்று கூட்டிவிடக் கூடாது. இருவருக்கும் கிடைக்கும் 5 வகைகள் இருமுறை எண்ணப்பட்டுவிடும். இருவரையும் விலக்கிய சேர்மானங்கள் 10 என்பதால், சரியான விடை 1 − 10/35 = 5/7.

64 வகைகளும் சம வாய்ப்புள்ளவை என்று கொண்டால், அதே ஒருவருக்குரிய நிகழ்தகவு 22/64 ஆகக் குறையும். எடுகோள் மாற விடையும் மாறுகிறது. உண்மையில் வாக்காளர் எவரும் எழுமாறாகப் புள்ளடியிடுவதில்லை. 3/7ஐக் கொண்டு எந்த வேட்பாளரின் வெற்றியையும் கணிக்க முடியாது.