தாயின் கூலியும் சேயின் சோறும் – ஒரு வரலாற்றுப் பார்வை



யூபிலி மலரில் கோயில் எழுந்த வரலாறும், இங்கே பணியாற்றிய குருக்களின் வரிசையும் இடம்பெறுவது வழக்கம். அவற்றை எழுதத் தகுந்த பெரியவர்கள் இம்மலரிலேயே எழுதியிருக்கிறார்கள். அடியேன் எடுத்துக்கொண்டது பங்கின் ஏடுகளில் ஏறாத வேறொரு வரலாறு. கிராமத்துத் தாய்மாரின் வறுமை நீங்கவென்று கடந்த 70 ஆண்டுகளில் போடப்பட்ட திட்டங்களால் அவர்களுடைய பிள்ளைகளின் உடம்பில் எவ்வளவு சதை பிடித்தது என்பதே அது.

மூத்த தாய்மாரைக் கேட்டால் பால்பவுடர் காலத்திலிருந்துதான் தொடங்குவார்கள். 1954-ல் அமெரிக்காவில் பி.எல். 480 என்ற சட்டம் வந்தது. அந்நாட்டில் மிஞ்சிய கோதுமையும், பால்பவுடரும், எண்ணெயும் அதன்படி நம் நாட்டுக்கு வந்தன. அதில் ஒரு பகுதி அமெரிக்கக் கத்தோலிக்கரின் நிவாரண அமைப்பு வழியாக மறைமாவட்டங்களுக்கும், அங்கிருந்து பங்குகளுக்கும் வந்துசேர்ந்தது. மாவுக்காகவும் பால்பவுடருக்காகவும் கோயிலுக்குப் போகிறார்கள் என்று ஏளனம் பேசியவர்களும் உண்டு. பசித்தவர்களை அந்தப் பேச்சு தடுக்கவில்லை. ஆனால் அந்த உதவியில் ஒரு குறை இருந்தது. வீட்டுக்குப் போன பால்பவுடர் ஐந்தாறு பேருக்குப் பங்காயிற்று. கைக்குழந்தைக்கு எவ்வளவு போயிற்று என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

1956-ல் பெருந்தலைவர் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். 1961 முதல் 'கேர்' நிறுவனம் அதற்கு உணவுப் பொருள்களைத் தந்து உதவியது. அது மகத்தான காரியம். எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் எழுத்தறிந்தது அந்த ஒரு வேளைச் சோற்றால்தான். ஆயினும் அந்தச் சோறு பள்ளிக்கு நடந்து வரும் பிள்ளைக்கு மட்டுமே எட்டியது. தாயின் இடுப்பில் இருக்கும் பிள்ளைக்கு எட்டவில்லை.

இந்த இடுப்புக் குழந்தையைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். குழந்தையின் வளர்ச்சி பெரிதும் தடைப்படுவது ஆறாம் மாதம் தொடங்கி இரண்டு வயது வரைக்கும் உள்ள காலத்தில். தாய்ப்பால் மட்டும் போதாது என்றாகி, சோறு பழக்கும் காலம் அது. குழந்தையின் வயிறு சிறியது. ஒரே நேரத்தில் நிறையத் தின்னாது. நாளைக்கு நாலைந்து தடவை, கெட்டியாக, கொஞ்சம் எண்ணெயோ பருப்போ சேர்த்து ஊட்ட வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியற்காலையில் போய் மாலையில் திரும்பும் தாய் அதை எப்படிச் செய்வாள்? மரக்கிளையில் தூளி கட்டுவாள். அல்லது ஏழு வயது அக்காளிடம் விட்டுப் போவாள். அக்காளுக்குப் பள்ளி போயிற்று, தம்பிக்கு நீர்த்த கஞ்சிதான் கிடைத்தது. அந்த இரண்டு ஆண்டில் குன்றிப்போன உடம்பைப் பிற்பாடு பள்ளிக்கூடத்துச் சோறு முழுதாக மீட்டுத் தர முடியாது. கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது, போனால் பிள்ளைக்கு ஊட்ட ஆளில்லை. நம் தாய்மார் இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுத்தான் பிள்ளை வளர்த்தார்கள்.

இதை முதன்முதலில் சரியாகக் கண்டுகொண்டது, 1980-ல் உலக வங்கியின் கடனுதவியோடு மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். 'எல்லாருக்கும் கொடுக்காமல் சிலருக்கு மட்டும் ஏன்?' என்று தாய்மார் சண்டைக்கு வருவார்கள் என்றே நாமாயிருந்தால் நினைத்திருப்போம். எடை அட்டையில் கோடு கீழே இறங்குவதைத் தாயின் கண்ணெதிரிலேயே காட்டினார்கள். எழுத்தறியாத தாயும் கோட்டின் போக்கைப் புரிந்துகொள்ள முடிந்தது. இந்த வேலைக்கு அமர்த்தியவர்களும் அந்தந்த ஊர்ப் பெண்களே. ஏழையாயிருந்தும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்த தாய்க்கு முதலிடம் கொடுத்தார்கள். இவ்விதியை வகுத்தவர் யாரோ, அவருக்குக் கிராமம் தெரிந்திருக்கிறது. திட்டம் நடந்த பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின.

1982 சூலை 1-ஆம் நாள், திருச்சிக்கு அருகில் பாப்பாக்குறிச்சியில், முதல்வர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். நானும் அந்தத் தட்டேந்திய தலைமுறைதான். பணத்தைப் பாழடிக்கும் வேலை என்று படித்தவர்கள் பலர் கண்டித்தார்கள். அவர்கள் கவனிக்காத ஒன்றுண்டு. அமைப்பாளர், சமையலர், ஆயா என்று மையந்தோறும் வேலை கிடைத்தது. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அதில் முன்னுரிமை தரப்பட்டது. சம்பளம் சொற்பம். என்றாலும் வெள்ளைச் சேலையோடு மூலையில் முடங்கியிருந்த பெண் ஊரின் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போடுகிறவளானாள். இரண்டு வயது நிரம்பிய பிள்ளை பால்வாடியில் இருந்ததால் தாய் நிம்மதியாக வேலைக்குப் போனாள், அக்காளும் பள்ளிக்குப் போனாள்.

அடுத்து வந்தது காசு. 1982-83-ல் மத்திய அரசு, கிராமப்புறப் பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. பின்னர் மகளிர் திட்டம் என்ற பெயரில் தமிழகம் முழுவதும் பரவின. மறைமாவட்டச் சமூகப் பணி மையங்கள் பலவும் இக்குழுக்களை வளர்த்தன. உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்துவைக்கும் பிடியரிசிப் பழக்கம் நம் தாய்மாருக்குப் புதிதன்று. ஆகவே சேமிப்பு அவர்களுக்கு எளிதில் கைவந்தது.

தாயின் கையில் காசு வந்தால் பிள்ளையின் வயிற்றுக்குப் போகும் என்பதற்குச் சான்றுண்டு. வங்கதேசத்துச் சிறுகடன் திட்டங்களைப் பற்றி 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, பெண்கள் வாங்கிய கடனால் குழந்தைகளின் உயரமும் கைச்சுற்றளவும் கூடின என்றும், ஆண்கள் வாங்கிய கடனுக்கு அத்தகைய பலன் காணவில்லை என்றும் கூறிற்று. (சிறுகடன் ஆய்வுகளின் கணக்கு முறையைப் பற்றிப் பொருளியலார் பிற்பாடு வாதாடியது வேறு விஷயம். நம் ஊர்ச் சாராயக் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றவருக்கு அந்த முடிவு வியப்பாயிராது.) ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடன் தவணைக்காகத் தாய் கூடுதல் நாள் கூலிக்குப் போக நேர்ந்தால், பிள்ளைக்கு ஊட்டும் நேரத்தைத்தான் கடன் விழுங்கும்.

நேரத்துக்கு விலை வைத்த திட்டம் ஒன்றே. 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், பிள்ளை பெறும் ஏழைத் தாய் கூலியை இழக்கிறாள் என்பதை ஒப்புக்கொண்டது. 300 ரூபாயில் தொடங்கிய உதவி 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 ரூபாய் என உயர்ந்தது. ஏனைய திட்டங்கள் இவ்விஷயத்தில் எழுத்தளவில் நின்றன. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்றது. நம் மாநிலத்தில் அவ்வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே குழந்தைக் காப்பு வசதி அநேகமாக இல்லை என்றே கண்டது. கைக்குழந்தைக்காரி ஒன்று வேலையை விட்டாள், அல்லது பிள்ளையை விட்டுவந்தாள்.

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பல ஊர்களில் மகளிர் குழுப் பெண்களே சமைக்கிறார்கள். 2023 செப்டம்பர் முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நல்லதுதான். ஆனால் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கு வேறொன்றும் சொல்கிறது. தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்குரிய உயரம் வளராதவர்கள்; 2015-16-ல் இது 27. இரத்தசோகையுள்ள குழந்தைகளோ நூற்றுக்கு 51-லிருந்து 57 ஆகக் கூடியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைக்கு இரு வேளை உணவும் முட்டையும் கிடைக்கும் மாநிலத்தில், இடுப்புக் குழந்தைக்கு வருவது அங்கன்வாடி கொடுத்தனுப்பும் சத்துமாவுப் பொட்டலம். களையெடுப்பு நாளில் அதைக் கிண்டி ஊட்டுவது, கண் தெரிந்தால், பாட்டி.

நம் பங்கில் யூபிலிக்கென்று திரண்ட பணத்தில் நுழைவு வளைவு கட்டலாம் என்று ஒரு சாரார் விரும்புகிறார்கள். சிதிலமான பழைய மறைக்கல்வி அறையைச் செப்பனிட்டு, நடவு, களையெடுப்பு, அறுப்பு மாதங்களில் கைக்குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு இரண்டு பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும் என்று மாதர் சங்கத்தார் கேட்கிறார்கள். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் இரண்டும் பேசப்படும். என் வாக்கு எந்தப் பக்கம் என்பதை இதுவரை படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்துக்கு ஆண்களும் வந்துசேரவும்.