டாட்நெட் கட்டமைப்பில் இழைகளுக்கு அளபுரு அனுப்புதல்

ஒரே நிரலுக்குள் ஒரே வேளையில் ஓடும் தனித்தனிச் செயலோட்டங்கள் இழைகள் (த்ரெட்) எனப்படும். புதிதாகத் தொடங்கும் இழை எந்தக் கோப்பைப் படிக்க வேண்டும், எந்த எண் வரை கணக்கிட வேண்டும் என்பன போன்ற விவரங்களை, அதாவது அளபுருக்களை, அதனிடம் ஒப்படைக்க மைக்ரோசாஃப்ட் 2002இல் வெளியிட்ட டாட்நெட் கட்டமைப்பின் முதற்பதிப்பில் நேரடி வழி இருக்கவில்லை.

அதற்கு முந்தைய சூழல்களில் இரு மரபுகள் இருந்தன. விண்டோஸ் இயங்குதளத்தின் இழைச் செயற்கூறும், 1995இல் தரப்படுத்தப்பட்ட போசிக்ஸ் இழை நூலகமும், தரவினம் குறிக்கப்படாத ஒரே ஒரு சுட்டை, அதாவது நினைவக முகவரியை, ஏற்றுக்கொண்டன. ஜாவாவோ இழையின் தொடக்கச் செயற்கூற்றுக்கு அளபுருவே தராமல், தேவையானவற்றை ஒரு பொருளின் புலங்களில் வைத்துக்கொள்ளச் செய்தது. டாட்நெட்டின் 'த்ரெட்ஸ்டார்ட்' ஜாவாவின் வழியையே ஒட்டியது. இது ஒரு டெலிகேட், அதாவது ஒரு செயற்கூற்றையும் அதற்குரிய பொருளையும் சேர்த்துச் சுட்டும் அமைப்பு. ஆனால் அளபுரு ஏற்காத, மதிப்பு எதையும் திருப்பித் தராத செயற்கூற்றை மட்டுமே அது ஏற்கும்.

எனவே நிரலர்கள் சிறிய இனக்குழு (கிளாஸ்) ஒன்றை எழுதி, கோப்பின் பெயரையும் பிற விவரங்களையும் அதன் ஆக்கி (கன்ஸ்ட்ரக்டர்) வழியாகப் புலங்களில் நிரப்பி, அப்பொருளின் செயற்கூற்றை இழைக்குக் கொடுத்தனர். எழுதுவதற்கு அலுப்பூட்டினாலும், ஒவ்வொரு விவரத்தின் தரவினத்தையும் நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) முன்கூட்டியே சரிபார்த்துவிடும் என்பதால் இதைக் குறைபாடுள்ள வழி என ஒதுக்கிவிட முடியாது.

2005இல் வந்த 2.0 பதிப்பு 'பாராமீட்டரைஸ்டு த்ரெட்ஸ்டார்ட்' என்ற டெலிகேட்டைச் சேர்த்து, இழையைத் தொடங்கும்போதே ஒரு மதிப்பைக் கொடுக்க இடமளித்தது. எனினும் அம்மதிப்பு எல்லாத் தரவினங்களுக்கும் பொதுவான 'ஆப்ஜெக்ட்' ஆகவே சென்றதால், தவறான ஒன்றை அனுப்பினாலும் நிரல்பெயர்ப்பி தடுக்காது. தரவினத்தை மாற்றும் வரியில், அதுவும் தொடங்கிய இடத்தை விட்டு விலகிய வேறோர் இழையில், பிழை எழும். முந்தைய பதிப்புகளில் அந்த இழை மட்டும் முடிவுற்றிருக்கும், 2.0 முதல் கையாளப்படாத பிழை நிரல் முழுவதையும் நிறுத்திவிடும். தரவினத்தைப் பிறகு குறிக்க உதவும் 'ஜெனரிக்ஸ்' வசதியும் அதே பதிப்பில்தான் அறிமுகமானது. இழைகளுக்கு மட்டும் அது எட்டாமல் போனது வியப்புக்குரியது.

நடைமுறையில் பரவலானது அதே ஆண்டு டாட்நெட்டின் சி ஷார்ப் மொழியில் நுழைந்த பெயரற்ற செயற்கூறுதான். 2007இல் லாம்டா வடிவம் அதை இன்னும் சுருக்கியது. இவை சுற்றியுள்ள மாறிகளை நேரடியாகப் பயன்படுத்தும்போது நிரல்பெயர்ப்பியே மறைவாக ஓர் இனக்குழுவை ஆக்கி, மாறிகளை அதன் புலங்களாக்கியதால், நிரலர்கள் கையால் செய்துவந்ததே இங்குத் தானாக நடந்தது. ஆனால் மாறியின் மதிப்பு நகலெடுக்கப்படாமல் மாறியே பகிரப்பட்டதில் ஒரு பொறி ஒளிந்திருந்தது. 0 முதல் 9 வரை எண்ணும் 'ஃபார்' மடக்கில் பத்து இழைகளைத் தொடங்கி, எண்ணும் மாறியை அச்சிடச் சொன்னால், சில எண்கள் விடுபட்டும் சில இருமுறை வந்தும், சிலவேளை 10 என்றும்கூட அச்சாகும். மடக்கின் உள்ளே புதிய மாறியொன்றில் மதிப்பை நகலெடுத்துக்கொள்வதே இதற்குத் தீர்வு.

2012இல் வெளியான சி ஷார்ப் 5, 'ஃபார்ஈச்' மடக்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி அமையுமாறு மொழியின் விதியையே திருத்தியது. 'ஃபார்' மடக்கின் விதி பழையபடியே விடப்பட்டது.