முடிவில்லாச் சொற்களின் வரலாறு

மனிதனுக்கு அளிக்கப்பட்ட காலம் அளவுடையது. அவன் நாவில் வழங்கும் சொற்களோ அந்த அளவுக்கு அடங்க மறுப்பவை. 'என்றென்றும்', 'நித்தியம்', 'நிரந்தரம்', 'சாசுவதம்' எனத் தமிழில் நாம் எத்தனை சொற்களைப் போற்றி வைத்திருக்கிறோம்! ஆங்கில மொழியும் இதில் வறுமையுற்றதன்று. 'எவர்', 'எவர்லாஸ்டிங்', 'எடர்னல்', 'பெர்பெச்சுவல்', 'பெர்மனென்ட்', 'பெரெனியல்' என அதன் வரிசை நீள்கிறது. இச்சொற்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போருக்குக் கிடைப்பது அகராதிச் செய்தி மட்டுமன்று. ஒரு மக்களினம் எவற்றை அழியாதவை என்று நம்பியது, அந்நம்பிக்கை எங்கே நிலைத்தது, எங்கே பொய்த்தது என்பதையும் அவை நமக்கு எடுத்துரைக்கின்றன.

1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் அந்நாட்டு மொழியில் பிரெஞ்சும் இலத்தீனும் வெள்ளமெனப் புகுந்தன. அதற்கு முன்னரே வழங்கிய நாட்டுச் சொல் 'எவர்' என்பது. 'எவர்லாஸ்டிங்' என்னும் கூட்டுச் சொல்லும் நாட்டு வேர்களிலிருந்தே முளைத்தது. அதன் பிற்பகுதியான 'லாஸ்ட்' என்பதன் மூலப் பொருள் அடிச்சுவட்டைப் பின்பற்றிச் செல்லுதல். செருப்புத் தைப்போர் தோலைப் பொருத்தி வடிவமைக்கும் மரப் பாதத்திற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். ஆகவே, என்றும் நிலைப்பது என்பது அன்றைய எளிய மக்களுக்கு இடையறாது தொடரும் காலடியாகத் தோன்றியது போலும்! இலத்தீனிலிருந்து வந்த சொற்களின் போக்கு வேறு. 'பெர்மனென்ட்' என்பது இறுதிவரை தங்கியிருப்பது. 'பெரெனியல்' என்பது ஆண்டு முழுவதும் நீடிப்பது. 'எடர்னல்' என்பதோ ஊழியைக் குறிக்கும் 'ஏவும்' என்னும் சொல்லின் வழியில் வந்தது.

திரித்துவப் புகழ்ச் செபத்தின் முடிவில் நாம் 'என்றென்றும்' என்று கூறும் இடத்தில், ஆங்கிலம் பேசுவோர் நெடுங்காலமாக 'வேர்ல்ட் விதவுட் எண்ட்' என்று செபித்து வந்துள்ளனர். 'முடிவற்ற உலகம்' என்பது அதன் நேர்ப்பொருள். உலகம் முடிவுறும் என்று நம்பும் கிறிஸ்தவர் எவ்வாறு இப்படிச் செபிக்க இயலும்? விடை சொல்லின் வேரிலேயே இருக்கிறது. பண்டைய ஆங்கிலத்தில் 'வேர்ல்ட்' என்பது 'மனிதன்', 'வயது' என்னும் இரு சொற்களின் சேர்க்கை. அது முதலில் நிலப்பரப்பைவிட மனிதரின் காலத்தையே, தலைமுறையையே சுட்டியது. இலத்தீன் செபத்தின் 'சேக்குலும்' என்னும் சொல்லும் யுகத்தைக் குறிப்பதே. காலப்போக்கில் 'வேர்ல்ட்' இடத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. செபத்தில் மட்டும் பழம்பொருள் உறைந்து நின்றுவிட்டது.

ஒரே பொருளுடையனவாகத் தோன்றும் இச்சொற்களுள் ஆழ்ந்த வேறுபாட்டைக் கண்டவர் போயத்தியுஸ். 524-ஆம் ஆண்டளவில் மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபோது, 'மெய்யியலின் ஆறுதல்' என்னும் நூலை அவர் இயற்றினார். தொடக்கமும் முடிவும் இன்றி ஓடிக்கொண்டேயிருப்பது ஒன்று. தன் வாழ்வு முழுவதையும் ஒரே கணத்தில் நிறைவாகக் கொண்டிருப்பது வேறொன்று. முன்னதை அவர் இடையறாத நீட்சி என்றார். பின்னதே நித்தியம், அது இறைவனுக்கு மட்டுமே உரியது என்றார். இந்நூல் ஆல்பிரட் அரசரின் பெயரால் பண்டைய ஆங்கிலத்திலும், 1380-களில் சாசரின் கையாலும், 1593-இல் முதலாம் எலிசபெத் அரசியின் கையாலும் ஆங்கில உருப்பெற்றது. கைதி ஒருவர் கண்ட வேறுபாட்டை அரியணையில் அமர்ந்தோரும் ஆராய்ந்தனர் என்பது வியப்பிற்குரியதன்றோ?

ஆயினும் மனிதர் இச்சொற்களை இறைவனோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தம் சாசனங்களிலும் எழுதிக்கொண்டனர். இறந்தோருக்காக என்றென்றும் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட வேண்டும் என்று நிலங்களை எழுதிவைத்து, 'சான்ட்ரி' எனப்பட்ட நினைவுச் சிற்றாலயங்களை நிறுவுவது இடைக்கால இங்கிலாந்தில் பெருவழக்கு. 'பெர்பெச்சுவல்' என்னும் சொல் அத்தகைய அறக்கட்டளைகளின் உயிர்நாடி. 1547-இல் ஆறாம் எட்வர்ட் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம் அவற்றையெல்லாம் கலைத்து, உடைமைகளை அரசுடைமையாக்கியது. பிரான்சுப் போர்களில் மடிந்தோருக்காகவும் செபிக்குமாறு 1438-இல் நிறுவப்பட்ட ஆக்ஸ்போர்டின் 'ஆல் சோல்ஸ்' கல்லூரி இன்றும் நிலைத்திருப்பது, அது கல்விக்கூடமாகவும் இருந்ததனாலேயே.

நிலைபேறுடைய சொத்தின்மீது அரசுக்கு அச்சம் எழுந்தது அதற்கும் முற்பட்டது. திருச்சபைக்குச் சென்ற நிலம் மீண்டும் கைமாறாது. இறப்போ வாரிசுரிமையோ அதற்கு இல்லை. எனவே அரசனுக்கும் நிலப்பிரபுக்களுக்கும் வரவேண்டிய வருவாயும் இல்லை. இந்நிலையை 'இறந்த கை' என்று பொருள்படும் 'மார்ட்மெய்ன்' என்னும் சொல்லால் குறித்தனர். முதலாம் எட்வர்ட் 1279-இல் அதற்குத் தடைச்சட்டம் இயற்றினார்.

அதே ஆங்கிலேயர் நம் நாட்டுக்கு வந்தபோது 'பெர்மனென்ட்' என்னும் சொல்லை உடன் கொண்டுவந்தனர். 1793-இல் காரன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் நிறுவிய சாசுவத நிலவரித் திட்டம், 1802-இல் சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. இராமநாதபுரம், சிவகங்கை போன்ற சமீன்கள் அதன்கீழ் வந்தன. வரித்தொகை என்றைக்கும் மாறாது என்பதே சமீன்தார்களுக்கு அரசு அளித்த உறுதி. வயலில் பாடுபட்ட குடியானவனின் சுமைக்கு அத்தகைய வரம்பு எதுவும் உறுதியாக்கப்படவில்லை. சென்னை மாகாணத்தின் சமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் பிறந்தது. 'சாசுவதம்' என்று பெயரிட்டு அழைக்கப்பட்டது 146 ஆண்டுகளில் சட்டத்தால் சாய்க்கப்பட்டது!

இச்சொற்கள் கல்விக்கூடங்களையும் உலுக்கின. மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகார இறுதியில், இறுதித் தீர்ப்பின் முடிவு கூறப்படுகிறது. தண்டனைக்கும் வாழ்வுக்கும் கிரேக்க மூலத்தில் வருவது 'அயோனியோஸ்' என்னும் ஒரே சொல். 1526-இல் டிண்டேல் தண்டனைக்கு 'எவர்லாஸ்டிங்' என்றும், வாழ்வுக்கு 'எடர்னல்' என்றும் பிரித்து எழுதினார். 1611-ஆம் ஆண்டின் அரசர் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பும் அவ்வழியே சென்றது. 1582-இல் ரீம்ஸ் நகரில் வெளிவந்த கத்தோலிக்க மொழிபெயர்ப்போ இரண்டிற்கும் 'எவர்லாஸ்டிங்' என்னும் ஒரே சொல்லையே ஆண்டது. வாழ்வு முடிவற்றதாயின் தண்டனையும் முடிவற்றதே என்று புனித அகுஸ்தினார் வாதிட்டதும் இந்த ஒரே சொல்லின் அடிப்படையில்தான். 1881-இல் வந்த திருத்திய ஆங்கிலப் பதிப்பு இரண்டிடத்தும் 'எடர்னல்' என்று ஒன்றாக்கியது. 1995-ஆம் ஆண்டின் நம் தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பில் 'முடிவில்லா' என்றும் 'நிலைவாழ்வு' என்றும் இரு சொற்கள் இருப்பதை வாசகர் கண்டுணரலாம்.

இச்சொல்லின் பொருட்டே இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியரான பிரெடெரிக் மோரிஸ் 1853-இல் பதவி இழந்தார். நித்தியம் என்பது காலத்தின் நீளத்தைக் குறிப்பதன்று, இறைவனை அறியும் வாழ்வின் தன்மையையே குறிப்பது என்று அவர் எழுதியிருந்தார். யோவான் நற்செய்தியின் 17-ஆம் அதிகாரமே அவர் கொண்ட சான்று. 1864-இல் ஏறத்தாழ 11,000 ஆங்கிலிக்கன் குருக்கள், தண்டனையும் வாழ்வைப் போன்றே முடிவற்றது என்னும் அறிக்கையில் கையொப்பமிட்டனர். தண்டனையைப் பற்றி மோரிஸ் கொண்ட முடிவுகளை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் நித்தியத்தை வெறும் நீளமாக எண்ணலாகாது என்பது போயத்தியுஸ் காட்டிய பழைய வழியே. 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 'ஸ்பே சால்வி' என்னும் சுற்றுமடலில், நிலைவாழ்வு முடிவற்ற நாள்களின் அணிவகுப்பன்று, நிறைவு நம்மை முழுவதுமாக அணைத்துக்கொள்ளும் கணம் போன்றது என்று விளக்கினார். முடிவின்றி நீளும் வாழ்க்கை பலருக்கு வரமாகத் தோன்றாது, சுமையாகவே தோன்றும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நீளத்தை நம்பி எழுதப்பட்ட சாசனங்களை நீண்ட காலமே அழித்தது. சான்ட்ரிகள் மறைந்தன, சாசுவத நிலவரி மறைந்தது. ஆனால் அச்சிற்றாலயங்களில் இறந்தோருக்காக ஒலித்த வேண்டுதலோ மறையவில்லை. நித்திய இளைப்பாற்றியையும் முடிவில்லாத ஒளியையும் ஒருங்கே இரந்து நிற்கும் அச்செபம் இன்றும் நம் கல்லறைத் தோட்டங்களில் ஒலிக்கிறது. நித்தியம் நாம் எழுதிப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளும் உடைமையன்று. இறைவனிடம் இரந்து பெறும் கொடை. அதைச் சொல்ல எத்தனை மொழிகளில் எத்தனை சொற்கள் இருந்தாலும், அவை அனைத்தும் ஏந்திய கைகளே.