சிறார்க்கு நிலம் கற்பித்த வரலாறு

சென்னைக்கு வடக்கே, மாதவரத்திற்கும் மணலிக்கும் இடையில் மாத்தூர் என்னும் ஊர் உள்ளது. 2011ஆம் ஆண்டில் அது சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. மேடும் பள்ளமும் எளிதிற் கண்ணுக்குப் புலப்படாத தட்டை நிலம் அது. அவ்வூர்ச் சிறுவன் பள்ளியில் கற்கும் நிலநூற் பாடமோ மலை, பீடபூமி, சமவெளி என்னும் வரிசையில் அமைந்தது. காணாத மலையை முதலிலும் காலடியில் உள்ள நிலத்தை இறுதியிலும் அவன் கற்கின்றான். சேய்மையில் உள்ளதை முற்படக் கற்பிக்கும் இவ்வழக்கம் தமிழகத்தில் எவ்வாறு வேரூன்றியது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பழைய திண்ணைப் பள்ளிகளில் நிலநூல் எனத் தனிப்பாடம் ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தமையைக் காட்டிற்று. தமிழ் வழங்கிய பகுதிகளில் எண்சுவடியும் நீதிநூல்களும் நிகண்டும் மனப்பாடமாயின. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் ஐந்தாவது பகுதி இடப்பெயர்த் தொகுதி. அதனை நெட்டுருச் செய்த சிறுவன் இடங்களைக் குறிக்கும் பெயர்கள் பலவற்றை அறிந்திருந்தான். ஆயின் பெயர் பல தெரிதல் வேறு. பொருள் ஒன்றை உணர்தல் வேறு. நிகண்டு செய்யுள் கற்பார்க்கென எழுந்தது. அதன்மேற் குறை கூறுதல் முறையன்று. மணலில் விரலால் எழுதிப் பயின்ற அப்பிள்ளைகள் மணலைப் பற்றி எதுவும் பயின்றிலர் என்பதே யாம் குறிக்க விரும்புவது. அம்மணலெழுத்தைக் கண்டு, ஆண்ட்ரூ பெல் அதனை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியில் கையாண்டார். 1797இல் அது குறித்து நூலும் வெளியிட்டார். சென்னை முறை எனப் பெயர் பெற்று அது கடல் கடந்தது. அங்கும் மணல் எழுதுபலகையாகவே பயன்பட்டது.

அச்சு நூல்கள் வந்தபின் நிலைமை மாறிற்று. எனினும் சேய்மை அணுகவில்லை. இரேனியுஸ் பாதிரியாரின் பூமி சாஸ்திரம் 1832இல் வெளிவந்தது. தஞ்சையில் சரபோசி மன்னரின் பெயரால் வழங்கும் தேவேந்திரக் குறவஞ்சி, மராத்தி மொழியில் உலக நாடுகளைப் பாடல்களாக விரித்துரைப்பது. தமிழ்க் குறவஞ்சியில் தன் மலைவளம் பாடும் குறத்தி, இங்குத் தான் மிதித்தறியாத கண்டங்களைப் பாடுகின்றாள்! ஏழு கடல், ஏழு தீவு எனப் புராணம் கூறிய உலகின் இடத்தில் உருண்டை உலகை நிறுவும் ஆர்வம் அக்காலத்தில் மிக்கிருந்தது. ஆகலின் உலகம் முழுதும் முன்னர் வந்தது. ஊர் பின்னர்ச் சென்றது.

ஏறத்தாழ அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் வேறொரு நெறி தோன்றியிருந்தது. இவெர்டன் நகரில் 1805 முதல் 1825 வரை பள்ளி நடத்திய பெஸ்டலாசி, சிறுவரைப் பூரோன் என்னும் சிற்றாற்றுப் பள்ளத்தாக்கிற்கு அனுப்பினார். அவர்கள் அங்கிருந்து களிமண் கொணர்ந்து, கண்ட பள்ளத்தாக்கை மேசைமேல் உருவாக்கினர். அவ்வுரு முற்றிய பின்னரே நிலப்படம் காட்டப்பெற்றது. 1807இல் அப்பள்ளியைக் கண்டவர், பின்னாளில் பெர்லின் பல்கலைக்கழகத்து நிலநூற் பேராசிரியராய் விளங்கிய கார்ல் ரிட்டர். 1915இல் சென்னையில் தம் நகரமைப்புக் கண்காட்சியை நடத்திய பாட்ரிக் கெடிஸும் இந்நெறியினரே. மலைமுகடு முதல் கடற்கரை வரை நிலத்தின் சரிவையும், ஆங்காங்கு வாழும் வேடன், ஆயன், உழவன், மீனவன் ஆகியோர் தொழிலையும் ஒருசேரக் காட்டும் வெட்டுமுகப் படம் அவருடையது. குறிஞ்சி முதல் நெய்தல் வரை நிலமும் மக்களும் தொழிலும் இயைந்த திணைப்பாகுபாட்டை அறிந்த நமக்கு இது புதிதன்று. இவ்வொப்புமை கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனல் பொருந்தாது. ஆயினும் தொல்காப்பியம் கற்பிக்கும் ஆசிரியரும் நிலநூல் கற்பிக்கும் ஆசிரியரும் ஒரே பள்ளியில் இருந்தும் இதுபற்றி உரையாடாமை வருந்தத்தக்கது.

சொல்வளம் இல்லை என்பாரும் உளர். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற் பட்டியல் வெளியிட்டது முதல் சொல்லாக்கம் இடையறாது நடந்து வந்துள்ளது. ஆனால் பழஞ்சொற்கள் சில பாடநூலில் இடம்பெறாமலே போயின. நெய்தற் பாடல்களில் பயிலும் எக்கர் என்னும் சொல், நீர் கொணர்ந்து இட்ட மணற்குவியலைக் குறிப்பது. உரைகள் அதனை இடுமணல் என விளக்கும். மணல்மேடு என்பது வடிவத்தை மட்டும் கூறும். இடுமணல் என்பதோ அது வந்த வழியையும் கூறும். படிதல் என்னும் நிகழ்ச்சி முழுதும் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. எக்கரிற் படரும் அடும்பு காட்டுப்பள்ளி மணலில் வளர்வது. ஏடு இன்றியும் காட்டத்தக்கது.

வடசென்னைக்கு வருவோம். இங்கு நிலப்பாடம் வரலாற்றுப் பாடமாகவும் அமைந்தாலன்றி உண்மையாகாது என்பது எம் துணிபு. இக்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது அலைகள் மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கே தள்ளும். ஆண்டு முழுமைக்கும் நோக்கின் வடக்கே செல்வதே மிகுதி. 1875இல் தொடங்கிய துறைமுகச் சுவர்கள் அதனைத் தடுத்தன. 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த அவை மீண்டும் எழுப்பப்பெற்றன. தெற்கே மணல் தங்கி மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. படிதலும் அரித்தலும் ஒரே சுவரின் இருபுறமும் நிகழ்ந்தன. இவற்றைக் கற்பிக்க இதனினும் தெளிவான சான்று வேறு எங்குக் கிடைக்கும்?

நீர் செல்லும் வழியும் அத்தகையதே. கொசத்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்திற் கடலை அடைவது. பின்னாளில் பக்கிங்காம் எனப் பெயர் பெற்ற கால்வாய் 1806இல் எண்ணூர் வரை வெட்டப்பெற்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியில் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், இக்கால்வாய் வழியே கழிமுகத்தை அடைந்தது. படகுகளிலும் வலைகளிலும் எர்ணாவூர்ப் பக்கத்து வீட்டுச் சுவர்களிலும் கருங்கறை படிந்தது. பரதவர்க்குப் பெருந்துயர் விளைத்த அக்கறை, நிலம் எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதையும் காட்டி நின்றது. மாத்தூரிலும் வெள்ளம் நின்ற தெருக்களில் அதன் தடத்தை ஓர் அளவுகோலால் அளந்து வீட்டுக்கு வீடு ஒப்பிடின், தட்டை எனத் தோன்றும் தன் ஊரில் மேடு எது, பள்ளம் எது என்பதை ஏழாண்டுச் சிறுவனும் கூறிவிடுவான்.