சிம்னி வச்ச வீடும் வைக்காத வீடும்

நுவரெலியா டவுனுக்குள்ள நடக்கும்போது கடைகளைப் பார்க்காம ஒரு தடவை கூரைகளைப் பாருங்க. கிராண்ட் ஹோட்டல், ஹில் கிளப், பழைய பங்களாக்கள் எல்லாத்துலயும் கூரைக்கு மேல சிம்னி நிக்கும். ஒரு சிம்னிக்குக் கீழ குறைஞ்சது ஒரு கணப்படுப்பு இருக்கும். அப்படியே பஸ் ஏறி கந்தப்பளைப் பக்கமோ ராகலைப் பக்கமோ போனா லயங்களோட நீளமான தகரக் கூரை தெரியும். அதுல சிம்னியைத் தேடிக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். புகை மட்டும் வரும். கதவு வழியா, தகரத்துக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற இடுக்கு வழியா, மெதுவா கசிஞ்சு வரும்.

ரெண்டு கூரைக்குக் கீழயும் இருக்கிறது ஒரே குளிர்தான். கடல் மட்டத்துல இருந்து 1868 மீட்டர். தை மாசம் விடியக்காலையில புல்லுல உறைபனி படிஞ்சு, தேயிலைக் கொழுந்து கருகிப்போற ஊர் இது. அப்ப ஒரு வீட்டுக்கு மட்டும் ஏன் சிம்னி வந்தது? நாங்க தேடிப் போனது இந்த ஒரு கேள்விக்குப் பின்னாலதான்.

சிம்னி இங்க வந்தது வெள்ளைக்காரரோட. 1824 முதல் 1831 வரை ஆளுநரா இருந்த எட்வர்ட் பார்ன்ஸுக்கு இந்த ஊர் பிடிச்சுப்போய், தங்குறதுக்கு ஒரு வீடு கட்டினார். அந்த பார்ன்ஸ் ஹோல்தான் பிற்பாடு கிராண்ட் ஹோட்டல் ஆச்சு. 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்தில இருந்து ஆட்களையும் மாடுகளையும் கூட்டிக்கொண்டு வந்து, இங்க ஒரு இங்கிலாந்துக் கிராமத்தை உண்டாக்கப் பார்த்தார். 1876இல் ஹில் கிளப் தொடங்கினது. அந்த கிளப்புல நீண்டகாலம் இலங்கை ஆட்களுக்கு இடம் இல்ல. கணப்படுப்புக்கு விறகு போடுற கை மட்டும் நம்ம ஊர்க் கையா இருந்தது.

அவங்க ஊர்ல கணப்படுப்புங்கிறது குளிருக்கான சாமான் மட்டும் இல்ல, ஒரு வீட்டோட வசதியை அளக்கிற கோல். 1662 முதல் 1689 வரை இங்கிலாந்துல அடுப்புக்கே வரி இருந்தது. ஒரு அடுப்புக்கு வருஷத்துக்கு ரெண்டு ஷில்லிங். அதிகாரி வீட்டுக்குள்ள வந்து அடுப்புகளை எண்ணிப் பார்ப்பார், பரம ஏழைகளுக்கு விலக்கு. அடுப்பு கூடக் கூட ஆள் பெரிய ஆள். அந்த நினைப்பு கப்பலேறி இங்கேயும் வந்திருக்கும்னு நாங்க நினைக்கிறோம். இல்லாட்டி பங்களாவுல விருந்தறைக்கு ஒண்ணு, படுக்கையறைக்கு ஒண்ணு, சாப்பாட்டு அறைக்கு ஒண்ணுன்னு எதுக்கு இத்தனை?

இன்னொரு வேடிக்கை இருக்கு. அந்தக் கணப்படுப்பு சூடு குடுக்கிறதுல மகா மட்டம். சூடான புகை லேசா இருக்கிறதால மேல ஏறும், ஏறும்போது அறையில இருக்கிற வெதுவெதுப்பான காத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்தக் காத்துக்குப் பதிலா கதவிடுக்கு வழியா பனிக்காத்து உள்ள வரும். எரிக்கிற விறகோட சூட்டுல பெரும்பங்கு வானத்துக்குப் போக, மிச்சம்தான் ஆளுக்கு. நெஞ்சு வேகும், முதுகு விறைக்கும். 1796இல் ரம்ஃபோர்ட் பிரபு இதைத்தான் ஆராய்ஞ்சு எழுதினார். அடுப்போட ஆழத்தைக் குறை, பக்கச் சுவரைச் சாய்ச்சுக் கட்டு, புகை ஏறுற தொண்டையை ஒடுக்கு என்றார். அதைச் செஞ்சாலும் விறகு தின்கிற வாய் சிறுசாகல.

அந்த வாய்க்கு விறகு எங்க இருந்து வந்தது? முதல்ல காடு. கோப்பிக்காகக் காட்டை வெட்டினாங்க. 1869இல் இலைநோய் வந்து கோப்பி படுத்துக்கொண்ட பிறகு, அதே மலையில தேயிலை ஏறினது. ஐயாயிரம் அடிக்கு மேல இருக்கிற காட்டையாவது விட்டுவைங்கன்னு தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கர் 1873இல் எழுத வேண்டிவந்தது. காடு குறைஞ்சதும் ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த யூகலிப்டஸையும், நாம சவுக்குன்னு சொல்ற கிரவலியாவையும் நட்டாங்க. தேயிலை ஃபேக்டரியும் கொழுந்தைக் காய வைக்க விறகுதான் கேட்டுது. ஃபேக்டரிக்கு, பங்களாவுக்கு எல்லாம் போகத்தான் லயம். கவ்வாத்து வெட்டுற காலத்துல கிடைக்கிற தேயிலை மிலாறைக் கட்டித் தலையில வச்சுக்கொண்டு மலையிறங்குற பொம்பளைகளை இன்னைக்கும் பார்க்கலாம். எட்டு மணிநேர வேலை முடிஞ்ச பிறகு ஏறுற சுமை அது.

இனி லயத்துக்கு வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒண்ணு, முன்னால இஸ்தோப்பு. பல இடங்கள்ல ரெண்டு வரிசையையும் முதுகோடு முதுகா ஒட்டிக் கட்டியிருப்பாங்க. அதனால பின்பக்கம் கதவும் இல்ல, ஜன்னலும் இல்ல. காத்து ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போறதுக்கு வழியே இல்லாத வீடு. அடுப்பு காம்பராவுக்குள்ளயோ இஸ்தோப்பு மூலையிலயோ இருக்கும். சமைக்கிறதும் அதுலதான், குளிர் காயுறதும் அதுலதான், ஈரத்துணி உலர்றதும் அதுக்கு மேலதான். பிள்ளை பெத்தவளையும் பச்சைப் பிள்ளையையும் படுக்க வைக்கிறதும் அந்தச் சூட்டுக்குப் பக்கத்துலதான். கதவைத் திறந்தா புகை போகும், குளிர் வரும். மூடினா குளிர் நிக்கும், புகையும் நிக்கும். ரெண்டுல எதுன்னு ஒவ்வொரு ராத்திரியும் முடிவெடுக்கணும். பங்களாவுல இருந்த துரைக்கு இந்த முடிவு ஒரு நாளும் தேவைப்படல. அந்த முடிவை அவருக்காக சிம்னி எடுத்துவிட்டது.

குளிருக்குத் தோட்டம் தொழிலாளிக்குக் குடுத்தது கம்பளி. அதுவும் சும்மா இல்ல, கணக்குல எழுதிப் பிடிச்சாங்க. 1921இல் துண்டு முறையை ஒழிக்கும்வரை, கடன் தீராம தோட்டம் மாறவும் முடியாது. அந்தக் கடன்ல குளிருக்குப் போர்த்தின கம்பளியோட விலையும் சேர்ந்திருந்தது. குளிரே ஒரு கடனா ஆகிப்போச்சுன்னு சொன்னா மிகையில்ல.

சரி, வெள்ளைக்காரன் போன பிறகாவது? 1947 தேர்தல்ல இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனம் எடுத்தது. அடுத்த வருஷமே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது, அதைத் தொடர்ந்து வாக்கும் போச்சு. வாக்கு இல்லாத ஆளோட வீட்டுக்கு ஜன்னல் வைக்கணும்னு எந்த அரசாங்கத்துக்குத் தோணும்? 1972லயும் 1975லயும் காணிச் சீர்திருத்தத்துல தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போச்சு, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போச்சு. கைமாறினது எல்லாம் மலையும் பங்களாவும் ஃபேக்டரியும்தான். லயம் அதே லயம். இந்திய வீட்டுத் திட்டத்துல கட்டின 550 சதுர அடி வீடுகள் வந்த தோட்டங்கள்ல நிலைமை வேற. குசினின்னு ஒரு தனி அறை இருக்கு, அது சின்ன விஷயம் இல்ல. ஆனா அந்த வீடு கிடைக்காதவங்கதான் இன்னும் நிறைய.

இதையெல்லாம் நாங்க தேட ஆரம்பிச்சதுக்கு ஒரு காரணம், எங்க கூட்டத்துல ஒருத்தரோட மாமா. லயத்துல பிறந்து, கொழும்புல கடை வச்சு, இப்ப நுவரெலியாவுல ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கார். அவருக்குக் கட்டாயம் ஒரு கணப்படுப்பு வேணும். "தொர வீட்டுல இருந்த மாதிரி" என்றார். சிரிக்கத் தோணல எங்களுக்கு. சின்ன வயசுல அவர் அந்தக் கணப்படுப்புக்கு விறகு கொண்டுபோய் இறக்கியிருக்கார், அதுக்கு முன்னால உக்காந்ததில்ல.

ஆனா ஃபிளாட்டுல விறகு எரிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. புகைவழி கூரைக்கு மேல வரைக்கும் போகணும், மேல் மாடிக்காரரோட வீட்டுக்குள்ளால அதைக் கொண்டுபோக முடியாது. செங்கல் அடுப்போட பாரத்தை மாடித்தளம் தாங்குமான்னு பொறியியலாளர்கிட்ட கேக்கணும். எத்தனால் ஊத்தி எரிக்கிற அடுப்புல புகை இல்ல, சாம்பல் இல்ல. ஆனா அறையில இருக்கிற ஒட்சிசனை அது குடிக்கும், அதனால ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைக்கணும். மிச்சம் மின்சார அடுப்பு. சுவாலை மாதிரி தெரியுறது வெறும் வெளிச்சம், அதுக்குக் கொஞ்ச கரண்ட் போதும். சூடாக்கியைப் போட்டா 1500, 2000 வாட் இழுக்கும், மாசக் கடைசியில பில்லு பேசும். புகைவழி கிடையாதுங்கிறதால மாமாவுக்கு இதுதான் சரின்னு நாங்க சொன்னோம். அவர் முகம் வாடிப்போச்சு. "அப்ப விறகு வாசம் வராதா?" என்று கேட்டார்.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றோம், ஏன்னா குளிர் ஊருக்கு டிரிப் போற எல்லாருக்கும் இது தேவை. கரி அடுப்பையோ பார்பிக்யூ சட்டியையோ அறைக்குள்ள வச்சு, கதவைப் பூட்டிக்கொண்டு தூங்காதீங்க. தணல்ல இருந்து வர்ற கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்ல, மணமும் இல்ல. கொடைக்கானல்ல இப்படித் தூங்கினவங்க எழும்பவே இல்லன்னு செய்தி வந்திருக்கு.

அந்த அளவு இல்லாட்டியும், வீட்டுக்குள்ள எரியிற அடுப்போட புகை மெதுவா ஆளைக் கொல்லும். 2020இல் மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் வீட்டுப் புகையால செத்ததா உலக சுகாதார அமைப்பு கணக்குச் சொல்லுது. அடுப்புக்குப் பக்கத்துல கூட நேரம் இருக்கிறது பொம்பளைகளும், அவங்க இடுப்புல இருக்கிற பிள்ளைகளும். இலங்கையில 1980கள்ல இருந்து பரவின அநகி மண்ணடுப்பு விறகை மிச்சம் பிடிக்கும். ஆனா அதுக்கும் சிம்னி கிடையாது, வர்ற புகை வீட்டுக்குள்ளதான் வரும்.

அப்ப லயத்துக்கு ஒரு புகைக்குழாய் வச்சா என்னன்னு கேப்பீங்க. ஒரு தகரக் குழாய், ஒரு வளைவு, மேல ஒரு மூடி, வேற ஒண்ணும் வேணாம். முதுகுச் சுவரை ஓட்டை போட முடியாது, அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கு. கூரைத் தகரத்தைத்தான் வெட்டணும். அந்தத் தகரம் தோட்டத்துச் சொத்து. நாலு தலைமுறையா அதுக்குக் கீழ குடியிருந்தாலும், அதுல ஆறு அங்குல ஓட்டை போட ஆபீசுல போய் துரைகிட்ட அனுமதி கேக்கணும்.